நீரோட்டமும் நடுநிலையும்

பத்திரிகைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவனுக்கு 'நடுநிலை' என்ற சொல் அன்றாடச் சோறு போன்றது. ஆசிரிய பீடத்தில் அச்சொல்லைக் கேட்காத நாளே இல்லை எனலாம். இரு தரப்புக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு தலைப்பு என்று அளந்து கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிற பழக்கம் எங்கள் தொழிலில் ஊறிப்போனது. அவ்வாறு அளந்து கொடுப்பதற்கும் நியாயம் செய்வதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றிக் கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன், நூல்களிலும் படித்திருக்கிறேன். ஆனால், அத்தூரத்தைக் கண்ணால் கண்டது ஒரு மீன்தொட்டியில்தான்.

வாசகர்கள் சிலர் புன்னகைக்கக்கூடும். அரசியலும் இலக்கியமும் எழுதிவந்தவன் மீன்தொட்டிக்குள் இறங்கியதேன் என்று கேட்கவும் கூடும். கடல்நீர்த் தொட்டியில் மீனையும் முருகைக்கல்லையும் ஒன்றாக வளர்ப்போருக்கு இதில் பயனுள்ள சில செய்திகள் கிட்டும். ஏனையோருக்கு ஒரு குடும்பக் கதையாவது கிட்டும். தமிழகத்து நண்பர்கள் பவளப்பாறை என்று சொல்வதையே ஈழத்தில் நாம் முருகைக்கல் என்கிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

2013 நவம்பரில், நீண்ட விடுமுறை ஒன்று கிடைத்தபோது, ரொறன்ரோவில் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கும் அண்ணர் வீட்டுக்குச் சென்று தங்கினேன். என் பெரியம்மாவின் மூத்த மகன் அவர். மயிலிட்டியில் பிறந்து, கடலைப் பார்த்தே வளர்ந்தவர். 1990 இல் ஊரோடு இடம்பெயர்ந்து, பல இடம் அலைந்து, இறுதியில் கனடா போய்ச் சேர்ந்தார். தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. விடிகாலையில் வீடு திரும்பியதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தேநீர்க் கோப்பையுடன் வரவேற்பறையின் மீன்தொட்டி முன் அமர்வார். அரைமணி நேரம் எவரும் அவருடன் பேசுவதில்லை என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம்.

ஐந்தடி நீளமான தொட்டி அது. அகலமும் உயரமும் இரண்டிரண்டு அடி. கல்லும் மணலும் போக ஏறத்தாழ 450 லீற்றர் நீர் கொள்ளும். அதில் ஒரு சோடிக் கோமாளி மீன், ஐந்து பச்சைக் குரோமிஸ் மீன்கள், ஒரு மஞ்சள் டாங், பட்டுச்சேலையில் நெய்ததுபோல உடலெங்கும் நீலமும் பச்சையும் செம்மஞ்சளும் கோலமிட்ட ஒரு மந்தாரின் மீன் ஆகியவை இருந்தன. மீன்கள் அனைத்தும் அண்ணருடையவை. முருகைகளோ அவருடைய மகனுடையவை.

என் பெறாமகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கியிருந்தான். அவன் கொண்டுவந்த முருகைகள் எவையும் கடலிலிருந்து உடைத்தெடுக்கப்பட்டவையல்ல. பிறர் தொட்டிகளில் வளர்ந்த கொத்துகளிலிருந்து விரல்நுனியளவு வெட்டிய துண்டுகளை வாங்கி, ஒட்டி, வளர்த்தவை. மான்கொம்புபோலக் கிளைவிடும் அக்ரோபோரா வகைகளைத் தொட்டியின் மேற்பகுதியில் வைத்திருந்தான். கீழே, சதைப்பிடிப்பான விரல்களின் நுனியில் சுத்தியல் தலைகள் முளைத்தாற்போன்ற ஒரு முருகை. அதை அவர்கள் சுத்தியல் முருகை என்றே அழைத்தார்கள். கடற்சாமந்தி இல்லாத அத்தொட்டியில் கோமாளிச் சோடி அந்தச் சுத்தியல் முருகையையே வீடாக்கிக்கொண்டிருந்தது.

தொட்டியின் இரு முனைகளிலும் விசிறி வகைப் பம்பிகள் இரண்டு. ஒவ்வொன்றும் முழு வேகத்தில் மணிக்கு 10,000 லீற்றர் நீரைத் தள்ளக்கூடியது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ். அந்தக் குமிழைச் சுற்றியே வீட்டின் அமைதி குலைந்திருந்ததை இரண்டாம் நாளே அவதானித்தேன். காலை ஆறரைக்கு அண்ணர் குமிழைக் குறைப்பார். மாலையில் வகுப்பு முடிந்து வரும் மகன் அதைக் கூட்டுவான். ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டால்கூடப் பரவாயில்லை. பேசாமலே குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மீன் பாவம் தம்பி, நாள் முழுக்க எதிர்நீச்சல் அடிச்சுக் களைச்சுப்போகுது" என்றார் அண்ணர் என்னிடம்.

"தண்ணி ஓடாட்டி முருகை மூச்சுத் திணறிச் செத்துப்போடும் சித்தப்பா" என்றான் மகன், அதுவும் என்னிடம்தான்.

இருவர் சொன்னதும் உண்மை. அதுதான் சிக்கல்.

முருகை ஒரு கல்லல்ல, தாவரமுமல்ல. சிறு வாயும் அதைச் சுற்றி நுண்விரல்களும் கொண்ட விலங்குகள் ஆயிரமாயிரமாய் ஒன்றுசேர்ந்து வாழும் குடியிருப்பு அது. அவ்விலங்குகளின் சதைக்குள் ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. பகலில் அவை உணவாக்கி முருகைக்குக் கொடுக்கின்றன. ஆனால் முருகைக்கு நுரையீரலோ செவுளோ கிடையாது, நகரவும் முடியாது. சுற்றியுள்ள நீர் வந்து தொட்டுச் சென்றால்தான் அதற்கு மூச்சு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நீருக்குள் இருக்கும் எப்பொருளின் மேற்பரப்பிலும் மிக மெல்லிய, அசையாத நீர்ப்படலம் ஒன்று ஒட்டியிருக்கும். ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் ஏனைய சத்துகளும் அப்படலத்தினூடாகவே மெல்ல ஊடுருவி உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும். நீரோட்டம் வலுக்கும்போது அப்படலம் மெலிகிறது, பரிமாற்றம் விரைவாகிறது. நீர் தேங்கினால் படலம் தடிக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் கொடியிலிட்ட ஈரத்துணி உலராமல் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ அதே கதைதான். பகலில் அல்காக்கள் வெளிவிடும் மிகையான ஒட்சிசன் வெளியேறாமல் தேங்கினால் அதுவே சதைக்குத் தீங்காகும். இரவிலோ ஒளித்தொகுப்பு நின்று, உள்ளே இருப்பவை யாவும் ஒட்சிசனை உட்கொள்வதால், கிளைகளுக்கு நடுவே அது அருகிப்போகும். இவை தவிர, முருகை தன்மீது படியும் தூசியையும் சளியையும் கழுவவும் ஓட்டம் வேண்டும். மிதந்து வரும் உணவைப் பிடிக்கவும் ஓட்டம் வேண்டும். ஆகவே மகன் கேட்டது ஆடம்பரமன்று.

அண்ணர் கேட்டதும் வீம்பன்று. மீன்கள் எல்லாம் ஒரே வகை நீச்சற்காரர் அல்ல. மஞ்சள் டாங் போன்றவை ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதையே விளையாட்டாகக் கொள்ளும். கோமாளி மீனோ தன் வீட்டைவிட்டு அதிக தூரம் செல்லாத, தள்ளாடி நீந்துகிற மீன். மந்தாரின் மீன் கல்லின்மீது தத்தித் தத்திச் சென்று, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். பம்பி முழு வேகத்தில் ஓடியபோது, அது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போக முயன்று தொட்டியின் மூலைவரை அள்ளுண்டு போவதை நானே பலமுறை பார்த்தேன். இடைவிடாமல் ஓட்டத்தோடு போராடும் மீன், தின்பதையெல்லாம் அப்போராட்டத்திலேயே செலவிடுகிறது, உடல் மெலிகிறது. பகல் முழுவதும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாமல் போகுமா? ஓட்டம் மிகுந்தால் முருகைக்கும் கேடு உண்டு. கீழிருந்த சுத்தியல் முருகையின் சதை நேரடித் தாரையில் அடிபட்டு, அதன் சொந்த எலும்புக்கூட்டின் கூரிய விளிம்பிலேயே கிழிபடத் தொடங்கியிருந்தது.

அண்ணி ஒருநாள் பொறுமையிழந்து, "இரண்டு பேரும் பாதியிலை நிப்பாட்டுங்கோவன்" என்றார். நல்ல மனிதர் எவரும் சொல்லக்கூடிய தீர்வு. குமிழ் ஐம்பது விழுக்காட்டில் நிறுத்தப்பட்டது. அதன்மேல் ஒட்டுநாடாவும் ஒட்டப்பட்டது. இரண்டு வாரங்கள் அவ்வாறே ஓடிற்று.

அந்த இரண்டு வாரங்களில் நிகழ்ந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். தொழிற் பழக்கம். மேலே இருந்த அக்ரோபோராவின் அடிக்கிளைகள் நிறம் மங்கின. கல்லின் பின்புறத்தில் ஓட்டம் எட்டாத இடங்களில் எச்சமும் கழிவும் படிந்து, அதன்மேல் செந்நிறப் பாசிபோன்ற வழுவழுப்பான படலம் பரவியது. மகன் அது பாசியன்று, ஒருவகை பக்றீரியா என்று திருத்தினான். மந்தாரின் மீன் மூலைக்கு அள்ளுண்டு போவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. சுத்தியல் முருகை இன்னமும் பாதி சுருங்கியே கிடந்தது. இரு தரப்புக்கும் சரிபாதி கொடுத்தாயிற்று. இரு தரப்பும் நலிந்தன. ஒரு முழு மனிதனின் தாகத்துக்கு அரைக் குவளை, மற்றவனின் தாகத்துக்கு அரைக் குவளை என்றால் அது பங்கீடு. ஒருவனுக்குத் தண்ணீர் தேவை, மற்றவனுக்கு நிழல் தேவை என்றிருக்கும்போது இருவருக்கும் அரைக் குவளை கொடுப்பது என்ன கணக்கு?

இந்தக் கேள்வியை இரவுச் சாப்பாட்டின்போது நான் கேட்டேன். மகன் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பது மணிக்கு எத்தனை லீற்றர் என்ற கணக்கு, முருகையும் மீனும் உணர்வது செக்கனுக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்ற கணக்கு என்றான். தொட்டி வளர்ப்போரிடையே பொதுவான ஒரு கைக்கணக்கு உண்டு: மென்மையான முருகைகளுக்குத் தொட்டி நீரைப்போல் மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு, அக்ரோபோரா போன்றவற்றுக்கு முப்பது நாற்பது மடங்கு ஓட்டம் வேண்டும் என்பது. அண்ணர் தொட்டியில் முழு வேகம் ஏறத்தாழ நாற்பத்து நான்கு மடங்கு; பாதி வேகம் இருபத்திரண்டு. ஆனால் அது முழுத் தொட்டிக்கான சராசரி. சராசரியில் எந்த உயிரும் வாழ்வதில்லை. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்திலேயே வாழ்கிறது.

மறுநாள் அளந்தார்கள். உறையவைத்த சிற்றிறால் தீனியைக் கரைத்து, ஒரு குழாயால் தொட்டியின் வெவ்வேறு இடங்களில் விட்டு, அத்துகள்கள் முப்பது சென்ரிமீற்றர் தூரத்தைக் கடக்க எத்தனை செக்கன் எடுக்கின்றன என்று பார்த்தார்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் மகன் அடிமட்டத்தை ஒட்டினான், அண்ணர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் எழுதினேன். ஓரிடத்தில் ஒரு செக்கனில் கடந்தது. இன்னோரிடத்தில் பத்துச் செக்கனாகியும் கடக்கவில்லை. கல்லின் பின்புறத்தில் துகள் அசையவே இல்லை. ஒரே தொட்டிக்குள் ஆறும் இருந்தது, குட்டையும் இருந்தது. தகப்பனும் மகனும் பல வாரங்களுக்குப் பின் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசிக்கொண்டது அன்றுதான் என்று அண்ணி பின்னர் சொன்னார்.

சிக்கல் குமிழில் இல்லை, கல்லில் இருக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. கற்கள் யாவும் பின்கண்ணாடியை ஒட்டி ஒரு மதில்போல அடுக்கப்பட்டிருந்தன. மதிலுக்கு முன்னால் வரும் ஓட்டம் முழுவதும் திறந்த வெளியில் அடித்தது. பின்னால் எதுவும் போகவில்லை. மீனுக்கு ஒதுங்க இடமில்லை. முருகைக்கு மூச்சுவிட வழியில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவிட்டு அம்மதிலைப் பிரித்தார்கள். இரண்டு தீவுகளாகக் கற்களை அடுக்கி, நடுவே ஒரு கால்வாய் விட்டார்கள். பின்புறத்தில் கையளவு இடைவெளி விட்டார்கள். தீவுகளின் அடியில் குகைகளும் துளைகளும் வைத்தார்கள். பம்பிகளை மேலே உயர்த்தி, எந்த முருகையின் மீதும் தாரை நேராகப் படாதபடி எதிர்க் கண்ணாடியை நோக்கித் திருப்பினார்கள். கண்ணாடியில் மோதிச் சிதறி வரும் நீர் அகன்ற அலையாகத் திரும்பியது. அக்ரோபோராக்கள் தீவுகளின் உச்சியில், அலைகள் சந்திக்கும் இடத்தில். சுத்தியல் முருகை மணலில், தீவின் மறைவில், நீர் மெல்ல அசைகிற இடத்தில். அதனோடு கோமாளிச் சோடியும் இடம்பெயர்ந்தது. இரு பம்பிகளும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் ஓடாமல், வற்றும் பெருக்கும்போல மாறிமாறி ஓடும்படி அமைத்தார்கள். தீனி போடும்போது பத்து நிமிடம் நிறுத்தினார்கள். இரவில் வேகத்தைக் குறைத்தார்கள். ஆனால் நீர்மட்டத்தைக் கலக்கும் அளவு ஓட்டத்தை எப்போதும் வைத்திருந்தார்கள்.

குமிழ் இப்போது எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அண்ணர் அதைப் பார்த்தார், குறைக்கவில்லை. மந்தாரின் மீன் குகையிலிருந்து குகைக்குக் கற்களின் அடியாகப் போய்வந்தது. நகர முடியாதவற்றுக்கு ஓட்டம் தேடி வரவேண்டும்; நகரக்கூடியவற்றுக்கு ஒதுங்க இடம் இருந்தால் போதும். இவ்வளவுதான் இந்தக் கலையின் சாரம் என்று இன்றும் நம்புகிறேன்.

இந்த ஏற்பாடு நிலைபெற்றுச் சில நாட்களே கழிந்திருந்தன. டிசம்பர் 21 இரவு ரொறன்ரோவில் உறைமழை தொடங்கியது. விழுகிற துளி ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகியது. மறுநாள் காலை மரக்கிளைகள் கண்ணாடி உறையிட்டதுபோல மின்னின. பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுந்தன. நகரில் சுமார் மூன்று இலட்சம் மின்னிணைப்புகள் செயலிழந்தன. ஸ்காபரோ மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. எங்கள் வீட்டில் அதிகாலை மூன்று மணியளவில் மின்சாரம் போயிற்று. திரும்பி வர இரண்டு இரவுகளுக்கு மேலாயிற்று.

வெளியே உறைநிலை, வீட்டைச் சூடாக்கும் உலை எரிவாயுவில் இயங்கினாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் மீன்தொட்டியில் முதல் ஆபத்து குளிரன்று. பம்பி நின்றவுடன் நீர்மட்டம் அசைவற்றுப் போகிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் நீரில் கரைவது அம்மேற்பரப்பு கலங்கும்போதுதான். மீனும் முருகையும் கல்லிலும் மணலிலும் வாழும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகளும் இருப்பதைத் தொடர்ந்து உட்கொள்ள, சில மணி நேரத்தில் நீர் மூச்சற்றதாகிவிடும். விளக்கில்லாமல் முருகை நாட்கணக்கில் தாங்கும், ஓட்டமில்லாமல் தாங்காது. காலை ஆறு மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது குரோமிஸ் மீன்கள் ஐந்தும் நீர்மட்டத்தில் வாய் வைத்து நின்றன.

அண்ணி சமையலறையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலாம் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரி. ஆனால் மகன் பாய்ந்து செம்பைத் தடுத்தான். பித்தளையில் செப்பு உண்டு. செப்பு முருகைக்கு நஞ்சு. பிளாஸ்ரிக் சாடி ஒன்று கொண்டுவரப்பட்டது. ஓர் அடி உயரத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றத் தொடங்கினோம். ஒருவர் இருபது நிமிடம், பிறகு அடுத்தவர். தொட்டியைச் சுற்றிப் போர்வைகளைப் போர்த்தினோம். எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, வெந்நீர் நிரப்பிய போத்தல்களை நீரில் மிதக்கவிட்டோம். வெப்பநிலை இருபத்தைந்தரைப் பாகையிலிருந்து இருபத்தொன்றுக்கு இறங்கியது. மெல்ல இறங்கினால் அது முற்றாகத் தீமையன்று என்றான் மகன். குளிர்ந்த நீர் கூடுதல் ஒட்சிசன் கொள்ளும். உயிர்களின் தேவையும் குறையும்.

நண்பகலில் அண்ணர் தம் வாகனத்தை வீட்டு முற்றத்தில் ஓடவிட்டு, அதிலிருந்து சிறிய மின்மாற்றி ஒன்றின் மூலம் நீண்ட கம்பி இழுத்தார். அதில் ஒரேயொரு பிளக் செருகத்தான் இடமிருந்தது. ஒரு பம்பி ஓடியது. அரைமணி நேரம் கழியவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு இழுப்பு, மருந்துப் புகை பிடிக்கும் கருவிக்கு மின்சாரம் இல்லை என்று அவர் மகள் கதவைத் தட்டினார். அண்ணர் ஒரு சொல்லும் பேசாமல் பம்பியின் வயரைப் பிடுங்கினார். அந்த இரண்டு நாட்களும் அந்த அம்மா எங்கள் வரவேற்பறையிலேயே போர்வைக்குள் அமர்ந்திருந்தார். அவருக்கு மூச்சுக் கருவி ஓடும்போதெல்லாம் தகப்பனும் மகனும் சாடியால் நீர் ஊற்றினார்கள். கருவி நின்றதும் பம்பி ஓடும். யாருடைய மூச்சு முதலில் என்பதில் அங்கே விவாதமே எழவில்லை.

இரண்டாம் இரவு நான் என் முறைக்காக விழித்திருந்தேன். டோர்ச்சைக் கல்லின்மீது பிடித்தபோது, அக்ரோபோராக் கிளைகளுக்குள் குரோமிஸ் மீன்கள் நெருங்கி ஒடுங்கியிருந்தன. அந்த இருளிலும் அவற்றின் மார்புச் செட்டைகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. மகனிடம் சொன்னேன். அவன் பின்னர் எனக்குக் காட்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை மறக்க முடியாது. முருகைக் கிளைகளுக்குள் உறங்கும் டாமிசல் இனத்துச் சிறு மீன்கள், உறக்கத்திலும் செட்டைகளை அடித்து நீரைக் கலக்குவதால், அக்கிளைகளுக்குள் ஒட்சிசன் வற்றாமல் பார்த்துக்கொள்கின்றன என்று செங்கடலில் செய்த ஆய்வு அது. 2004 இல் வெளிவந்தது. கோமாளி மீனும் இரவில் தன் கடற்சாமந்திக்கு இவ்வாறே மூச்சூட்டுகிறது என்று இன்னோர் ஆய்வு அதே 2013 இல் வெளியாகியிருந்தது. மீனின் கழிவு முருகைக்குச் சத்து என்பதும் ஏற்கெனவே அறிந்ததுதான். முருகையா, மீனா என்று இரு கட்சியாக நாம் பிரித்த அவ்விரண்டும் கடலில் ஒருபோதும் இரு கட்சியாக இருந்ததில்லை. ஒன்று மற்றதற்கு வீடு. மற்றது இதற்கு விசிறி.

மின்சாரம் வந்தபோது கணக்கெடுத்தோம். ஒரு குரோமிஸ் இறந்திருந்தது. உச்சியிலிருந்த அக்ரோபோராக் கொத்துகளில் ஒன்று அடியிலிருந்து சதை உரிந்து, ஒரு வாரத்தில் வெறும் எலும்பாகியது. ஏனையவை பிழைத்தன. மூதாட்டியும் நலமாக வீடு சென்றார். அண்ணர் அந்த வெண்ணிற எலும்புக்கூட்டை எடுத்துக் கழுவி, அலுமாரியின்மேல் வைத்தார்.

அதைப் பார்த்தபோது எனக்கு 1998 நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு எல் நினோவின் வெப்பத்தில் இந்து சமுத்திரமெங்கும் முருகைகள் வெளிறின. இளம் நிருபராக ஏப்ரல் இறுதியில் ஹிக்கடுவைக்குச் சென்றிருந்தேன். கண்ணாடி அடித்தளமிட்ட படகில் ஏற்றிச் சென்ற சிங்களப் படகோட்டி கீழே காட்டி, "கல்லுக்கு நரை விழுந்துவிட்டது, மாத்தயா" என்றார். வெப்பம் மிகும்போது முருகை தன் சதைக்குள் வாழும் அல்காக்களை இழக்கிறது. சதை வழியே உள்ளிருக்கும் வெண்ணிற எலும்பு தெரிகிறது. நீண்டு நீடித்தால் பட்டினியில் இறக்கிறது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரிய முருகைத் திட்டிலும் ஆழங்குறைந்த பகுதிகளில் உயிருள்ள முருகை ஏறத்தாழ முற்றாக அழிந்தது.

அதே 1998 இல் ஜப்பானின் ஒக்கினாவாவிலும் முருகைகள் வெளிறின. எல்லாம் ஒரே அளவில் இறக்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்த நக்கமூரா, வான் வோசிக் என்னும் இருவர், நீரோட்டம் வலுவாக இருந்த இடங்களில் முருகைகள் பிழைத்தமைக்கு அந்த ஓட்டமே ஓரளவு காரணம் என்று 2001 இல் எழுதினார்கள். வெப்பத்தில் முருகையின் சதைக்குள் திரளும் தீங்கான பொருள்களை ஓடும் நீர் கழுவிச் செல்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஸ்காபரோ வரவேற்பறையில் குமிழைச் சுற்றி நடந்த வழக்கும் கடலில் நடக்கும் வழக்கும் ஒன்றுதான் என்பதை அதைப் படித்தபோது உணர்ந்தேன். ஆனால் ஓட்டம் எல்லா வெப்பத்துக்கும் மருந்தாகாது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். தொட்டியில் குமிழைத் திருப்பலாம். கல்லை மாற்றி அடுக்கலாம். கடலின் வெப்பத்தைக் குறைக்கும் குமிழ் தனி ஒருவர் கையில் இல்லை.

இப்போது பெறாமகன் வேறு மாகாணத்தில் வேலை பார்க்கிறான். அண்ணர் ஓய்வுபெற்றுவிட்டார். தொட்டி இன்னும் இருக்கிறது. முருகைகளையும் அவரே பார்க்கிறார். வாரமொருமுறை மகன் தொலைபேசியில் அழைத்து, காரத்தன்மை எவ்வளவு, கல்சியம் எவ்வளவு என்று கேட்பான். அவர் எண்களை ஒப்புவிப்பார். கோமாளிச் சோடி முதுமையிலும் சுத்தியல் முருகையைவிட்டு அகலாமல் வாழ்கிறது.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டது. மறு ஆண்டு அண்ணர் ஊருக்கு வந்தபோது நானும் கூடப் போனேன். பிறந்த வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. அவர் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. கடற்கரைக்கு நடந்தோம். அலைதடுப்புக் கற்களின் மீது வாடைக்கடல் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. அறுபதை நெருங்கிய மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கற்களின்மேல் குந்தியிருந்து, உள்ளே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லுக்குப் பின்னாலை பார் தம்பி" என்றார். "குஞ்சுமீன் எல்லாம் அங்கை நிக்குது."